நோனாவுக்குக் கொடுத்த வீடு

…கேட்டுவிட வேண்டும், இன்றைக்குக் கேட்காவிட்டால் பிறகு எப்போது, மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும்தான் தவணை தந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் கல்முனையில் எந்த மாப்பிள்ளை எங்கே வந்து குடியிருப்பான்… பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஸகியா சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்து இறக்கினாள், விரல் சுட்டது, சுடட்டும். பின்வளவில் ஒதுங்கிய இந்தக் கிடுகு வேய்ந்த குசினியில் குனிந்து குனிந்து முதுகே வளைந்துபோயிற்று. முன்னால் நிற்பது அவளுடைய சொந்த வீடு, உம்மா அவளுக்குச் சீதனமாக எழுதித் தந்தது, இனி அவள் மகள் நபீலாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது, ஓட்டுக் கூரையும் சீமெந்துத் தரையுமாக நிமிர்ந்து நிற்கிறது, அதற்குள் யார்? வெள்ளைக்கார நோனா. சூறாவளி ஊரையே சுருட்டி எறிந்தபோது இது மட்டும் ஏன் தப்பியது? இதுவும் விழுந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்களே… அஸ்தஃபிருல்லாஹ், என்ன நினைப்பு இது.

எல்லாம் நபீலாவின் வாப்பாவால் வந்த வினை. முத்தலிப் ஊர்ச் சங்கத்துச் செயலாளர், நாலு வார்த்தை இங்கிலீசு கதைப்பவர், நிவாரண நிறுவனத்தார் ஜீப்பில் வந்து இறங்கி, தாதி நோனா தங்க இடமுண்டா என்று கேட்டதும், மனுஷன் எழுந்து நின்று என் வீடு இருக்கிறது என்றாராம். யாருடைய வீடு? ஊர் கை தட்டியதாம், அவளும் நாக்கு நுனியில் வந்ததை விழுங்கிக்கொண்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், இது வருஷமாகப் போகிறது. ஊரும் நோனாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது, பள்ளிக்கூடப் பரிசளிப்பா, நோனாதான் தலைமை, கடற்கரையில் புதுத் தோணி இறக்குகிறார்களா, நோனாவுக்குத்தான் மாலை. போடத்தானே வேண்டும், நோனா போனால் நிறுவனமும் அடுத்த ஊருக்குப் போய்விடும், அவர்கள் கட்டித் தரும் ஆஸ்பத்திரி விடுதி அத்திவாரத்தோடு நின்றுவிடும். அதற்காக ஒரு குமர் வீடில்லாமல் காத்துக் கிடப்பதா? வேறொன்று கட்டலாமென்றால் சீமெந்தும் மரமும் இப்போது கண்ணிலேயே கிடையாது. இதில் நோனா கெட்டவளாகவாவது இருந்திருக்கலாம், எவ்வளவு லேசாகப் போயிருக்கும்! நபீலா காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தை விட்டு எழும்பாதவள் அவள். பெருநாளைக்குப் பாயில் சம்மணம் போட்டு, பெண்களோடு பெண்ணாக ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டாள், ஸகியாதான் ஈரல் துண்டுகளைப் பொறுக்கி நோனாவின் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரு தட்டில் சோறு தின்றவளை எழும்பிப் போ என்று எந்த வாயால் சொல்வது…

“உம்மா, தேத்தண்ணி ஆறுது. இண்டைக்காவது கதைப்பீங்களா?” நபீலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஓம் மகள். கதைக்கிறன்.”

தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். விறாந்தையில் நோனா, முத்தலிப், கொழும்பிலிருந்து வந்த நிறுவனத்துப் பெரிய துரை, சங்கத்துத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார், இன்னும் இரண்டொருவர். நிறுவனம் இந்த ஊரிலேயே இருப்பதா வேறு ஊருக்கு மாறுவதா என்று துரை இன்றைக்கு முடிவு சொல்வாராம். எப்போதும்போலத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று தட்டை நீட்டினாள், கோப்பைகள் ஒவ்வொன்றாகப் போயின. நோனா எழுந்து வந்து திரையை விலக்கினாள், ஸகியாவின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டு முத்தலிப்பிடம் ஏதோ சொன்னாள், நீளமாகச் சொன்னாள், முத்தலிப்பின் முகம் வெளுத்தது.

“இன்னும் ரெண்டு வருஷம் இஞ்ச இரிக்கலாமா எண்டு கேக்கிறாங்க. என்னட்ட இல்ல, ஊட்டுக்காரி உன்னட்டத்தான் கேக்கணுமாம். உனக்குக் கஷ்டமெண்டா போயிருவாங்களாம், மனசில ஒண்டும் வச்சிக்க மாட்டாங்களாம்.”

கேட்டுவிட்டாள். ஊரில் ஒருவர் கேட்டாரா, கட்டிய புருஷன் கேட்டானா, கடல் தாண்டி வந்தவள் கேட்கிறாள்… சொல்லு ஸகியா, இதைத்தானே இத்தனை நாளும் அடுப்போடு சொல்லிச் சொல்லிப் பழகினாய், மகளுக்குக் கலியாணம், வீடு வேணும், அவ்வளவுதானே. ஹாஜியார் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் நபீலா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வாசலுக்கு வந்தவள் முகம் பார்த்துக் கேட்கிறாள், கையில் கொடுத்த தேத்தண்ணியில் இன்னும் வாய்கூட வைக்கவில்லை, அவள் வாடிப்போகும்படி ஒரு சொல்லை எப்படி…

“என்ன கஷ்டம் நோனா? இது உங்கட ஊடுதானே. இரிங்க. தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”

யார் சொன்னது? அவள் வாய்தான். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார், துரை சிரித்தார், நோனா அவளைக் கட்டிக்கொண்டாள், சவர்க்கார வாசம் வந்தது. பின்னால் நபீலாவின் காப்புச் சத்தம் குசினிப் பக்கம் போய் அடங்கியது. ஸகியா வெறும் தட்டோடு அங்கேயே நின்றாள். அவளும் போகத்தான் வேண்டும், அடுப்பு எரிகிறது, அங்கே நபீலா இருக்கிறாள்… வாசல் சாவி முத்தலிப்பின் கையில் இருக்கிறதென்றுதானே இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தோம்? இன்றைக்கு அது நம் கையில்தானே இருந்தது. போய் என்ன சொல்வது? உங்க வாப்பாதான் கெடுத்தார் என்று இனிமேல் சொல்லவும் முடியாது.