மில்லுக்குள் தட்டுகிறவன்

கசூபா மறுபடியும் அரைக்கிற மில்லுக்குப் போகிற செம்புக் கல்லைக் குறைத்தாள். சுழலும் அந்த ராட்சத இரும்புப் பீப்பாயில் கல் நிறைந்தால் சத்தம் அமுங்கிவிடும். குறைந்தால் கல் சேறாய் அரைபடும்; உள்ளே உருளும் இரும்புக் குண்டுகள் சுவரில் மோதி அலறும். அந்த அலறலுக்குள்தான் அவள் புருஷன் லெங்வே தட்டுவான். இரண்டு தட்டு, சற்று இடைவெளி, பிறகு ஒன்று. மில்லை நிறுத்தி உள்ளே இறங்கித் தேய்ந்த தகடு மாற்றுகிறவர்கள், ஆள் இருக்கிறது என்று வெளியே சொல்வதற்காகச் சுத்தியலால் தட்டுகிற தட்டு அது. போன மழைக்காலத்தில் அவன் அப்படித் தட்டிக்கொண்டிருக்கும்போதே எந்தப் படுபாவியோ மில்லை ஓட்டும் விசையை அழுத்திவிட்டான்.

மத்தியானம் லெங்வேயின் தம்பி சிபாஷா வந்தான். ஷிப்ட்டுக்கு அவன்தான் தலைவன். அரைத்த கல்லிலிருந்து செம்பை நுரையில் மிதக்கவிட்டு எடுக்கிற தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அண்ணி, நுரையைப் பாத்தீங்களா? வெளுத்துக் கெடக்கு. கல்லு பெருசா இருந்தா செம்பு அதுக்குள்ளயே மாட்டிக்கும், சரி. அதுக்காக இப்படிச் சேறா அரைச்சா குமிழி எதைப் புடிக்கும்? அத்தனையும் கழிவுல போகுது."

"மில்லுக்கு வயசாச்சு தம்பி."

"மில்லுக்கா, உங்களுக்கா? இன்னைக்குள்ள சரியாகலைன்னா நம்ம ஷிப்ட்டையே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

அவன் போன பிறகு அவள் நுரைத்தொட்டிப் பக்கம் பார்த்தாள். அங்கே வேலை செய்கிற மும்பிக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்திருந்தது. செத்தவனோடு பேசிக்கொண்டிருக்க ஊரார் அடுப்பை அணைப்பதா? ஆனால் இதையும் விட்டால் அவன் எங்கே போய்த் தட்டுவான்?

"மன்னிச்சிடுங்க," என்று பீப்பாயைப் பார்த்துச் சொல்லிக் கல் விழுகிற வாயை முழுசாகத் திறந்தாள்.

அலறல் மெல்ல அமுங்கியது. இரண்டு தட்டு கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் நுரை கருத்துத் தடித்து, செம்பைச் சுமந்து தொட்டி விளிம்பில் வழிந்தது. மும்பி ஆடாத குறைதான்.

"கலக்கிட்டீங்க அண்ணி!" என்று சிரித்துக்கொண்டே சிபாஷா சாப்பாட்டுத் தூக்கோடு மில்லுக்குப் பின்னால் போனான். தினமும் அங்கேதான் சாப்பிடுவான். அந்த இரைச்சலில் இவனுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

போனவன் பாதிச் சாப்பாட்டிலேயே திரும்பி வந்தான். உருட்டிய ந்ஷிமாக் களி உருண்டை கையிலேயே இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணி," என்றான். "அண்ணன் இன்னைக்குத் தட்டவே இல்லையே?"