ஜெனரலுக்கும் எலோத்தேவுக்கும் ஒரே வீடு

மெக்சிகோவில் அத்லிஸ்கோ என்ற ஊரில் கல்யாணம் என்றால் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மட்டும் செலவழித்து மாளாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்ரினோ பிடிப்பார்கள். ஞானத்தகப்பன் என்று வைத்துக்கொள்ளலாம். மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர். எராஸ்தோ, நெரேய்தா கல்யாணத்தில் நாற்காலி உறைக்குக்கூட ஒரு பத்ரினோ அமைந்துவிட்டார். இப்படி எல்லாவற்றையும் பங்கு போட்டு முடித்து, அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் காசியானோ மாமா வந்து நின்றார்.

"எனக்கு என்னடா வச்சிருக்கே?" என்றார்.

காசியானோ எராஸ்தோவின் தாய்மாமன். கடைவீதியில் அலுமினியக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷன், ஆனால் ஒரு யோசனை அவர் தலைக்குள் போய்விட்டால் வெளியே வர வாசல் கிடையாது. அவர் எதிரே நின்றால் எராஸ்தோவுக்கு வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான், "சரி மாமா." இருபத்தேழு வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அன்றைக்கும் திருதிருவென்று விழித்துவிட்டு, கண்ணில் பட்டதைச் சொன்னான்.

"பாம்புக்குப் பெட்டி வேணும் மாமா."

பொய்யில்லை. இருவருமே பாம்பு வளர்ப்பவர்கள். பழக்கமானதே புவெப்லா நகரில் நடந்த ஊர்வன சந்தையில், ஒரே தவளைத் தொட்டியை இரண்டு பேரும் எட்டிப் பார்த்து மண்டையை இடித்துக்கொண்டபோதுதான். நெரேய்தாவின் பாம்பு எலோத்தே, சோளக்கதிர் என்று அர்த்தம். பென்சில் தடிமன் இருக்கும்போது வாங்கி வந்து, இப்போது அவள் கை நீளத்தையும் தாண்டி வளர்ந்துவிட்ட ஆரஞ்சு நிறச் சோளப்பாம்பு. நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றி அலுத்து வீட்டுக்கு வந்தால், அது அவள் முழங்கையில் சுற்றிக்கொண்டு படுத்துவிடும். அவளுக்கு அதன்மேல் உயிர்.

எராஸ்தோவின் பாம்பு ஜெனரல். கன்னங்கரேலென்று பளபளக்கும் கிங் ஸ்நேக். நம் ராஜநாகத்துக்கும் இதற்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை, விஷமும் இல்லை. ஒரு பழக்கம் மட்டும் இரண்டுக்கும் பொது. மற்ற பாம்புகளைப் பிடித்து விழுங்கிவிடும்.

"எத்தனை பாம்புடா?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு மாமா. அவளோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு."

"அப்ப ஒரு பெட்டி போதும். கல்யாணம் நீங்க ரெண்டு பேரும் பண்ணிக்கிட்டு, அதுங்க ரெண்டும் தனிக்குடித்தனமா?"

"சரி மாமா," என்றான் எராஸ்தோ.

விஷயம் கேட்டதும் நெரேய்தா கையிலிருந்த தாகோ ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு சொன்னேன்."

"ஜெனரல் பாம்பு திங்கும், எராஸ்தோ. இது உனக்கும் தெரியும். நீதான எனக்கே சொன்னே."

"நம்ம ஜெனரல் அப்படி இல்லடி. சாது. எலியைப் போட்டாக்கூட கொஞ்சம் யோசிச்சுட்டுதான் பிடிக்கும்."

"யோசிக்கிறது எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாம்னு. நாளைக்கே போய் மாமாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வா."

போனான். திரும்பி வந்தபோது பெட்டிக்கு முகப்பில் வளைவு ஒன்று கூடியிருந்தது. மறுபடி அனுப்பினாள். இந்த முறை கூரையில் ஒரு மணிக்கூண்டு முளைத்தது, சாந்தா மரியா கோவிலில் இருப்பது மாதிரியே. அதற்கப்புறம் அவள் அவனை அனுப்பவில்லை. இன்னொரு தடவை போனால் நீச்சல் குளம் கட்டிவிடுவார் என்று பயந்துவிட்டாள்.

அவளே நேரில் போனாள். கடையில் மாமா கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். முகப்பில் இதய வடிவில் ஒரு கண்ணாடி, அதில் 'ஜெனரல்', 'எலோத்தே' என்று பொன் வண்ணத்தில் எழுத்து. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பாதியாகிவிட்டது. இவ்வளவு ஆசையாகச் செய்கிற மனிதரை என்னவென்று திட்டுவது.

"மாமா, ரெண்டையும் ஒண்ணா விட்டா இது அதைத் தின்னுடும்."

"புருஷன் பொண்டாட்டின்னா முதல்ல அப்படித்தாம்மா இருக்கும்."

"ரெண்டுமே ஆண் மாமா."

காசியானோ ஒரு நிமிஷம் கத்தியை நிறுத்தினார். "அப்ப அண்ணன் தம்பி. இன்னும் வசதி," என்று சொல்லிவிட்டு மறுபடி அறுக்க ஆரம்பித்தார்.

அதற்குமேல் பேச முடியாததற்குக் காரணம் உண்டு. பத்ரினோ கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. சொன்னால் அந்த ஆள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவார். போதாததற்கு அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. மோதிரத்தின் பத்ரினோ இன்னார், கேக்கின் பத்ரினோ இன்னார் என்ற வரிசையில் 'பாம்பு வீட்டின் பத்ரினோ: திரு. காசியானோ' என்று கொட்டை எழுத்தில் நின்றது. கொடுக்கும் பொருளை வாத்தியத்தோடு மண்டபத்துக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் திறந்து வைத்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

கல்யாணத்தன்று பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். மோலே குழம்பு மணக்க வான்கோழி பரிமாறிக்கொண்டிருந்தபோது வாசலில் டிரம்பெட் சத்தம் கேட்டது. நான்கு ஆட்கள் பாம்பு வீட்டைச் சப்பரம் மாதிரி தூக்கி வர, முன்னால் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாகக் காசியானோ மாமா. பெட்டி சவப்பெட்டியைவிட நீளம், மணிக்கூண்டு வேறு. கேக்கின் பத்ரினோவுக்கு முகம் செத்துவிட்டது.

துணிப்பைகளில் கொண்டுவந்திருந்த பாம்புகளில் ஜெனரலை முதலில் உள்ளே விட்டார்கள். எலோத்தேயை மாமா கழுத்தில் போட்டுக்கொண்டார். போட்டவர் சும்மா இருக்கவில்லை. மேசை மேசையாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார், கிழவிகளைப் பயமுறுத்தினார், குழந்தைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நெரேய்தா கவுன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, போதும். கையைக் கழுவுங்க. பாம்பு வாசம் ஏறிடுச்சு."

"காலைலதான் குளிச்சேம்மா."

அவள் எராஸ்தோவிடம் வந்தாள். "இப்பவாச்சும் சொல்லு. எலோத்தே போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்," என்று போனவன், மாமா நீட்டிய எலோத்தேயைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றுவிட்டான். மாமா மைக்கைப் பிடித்தார்.

"சொந்தக்காரங்களே, நண்பர்களே. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் தனி ரூம் கேக்குறாங்க. பாம்பு திங்கும், கடிக்கும்னு எனக்கே கிளாஸ் எடுக்குறாங்க. பிரியம் வச்சா எந்த ஜீவனும் அடங்கும்." இப்படிச் சொல்லிக்கொண்டே, உள்ளே சாய்ந்துகிடந்த காகிதப் பூவை நிமிர்த்தக் கதவைத் திறந்து கையை விட்டார்.

அந்தக் கையில் அரைமணி நேரமாக ஏறிய சோளப்பாம்பு வாசம். ஜெனரல் தலையைத் தூக்கியது. எராஸ்தோ சொன்னதுபோல் யோசிக்கவெல்லாம் இல்லை. கட்டைவிரலைக் கவ்வி, மணிக்கட்டில் உடம்பைச் சுற்றி, அடிவரைக்கும் விழுங்க முயன்றது.

காசியானோ மாமா கையை வெளியே எடுத்தார். கையோடு ஜெனரலும் வந்தது. மனிதர் கத்தவில்லை. அடங்கும் என்று சொல்லி வாய் மூடவில்லை, எப்படிக் கத்துவது? முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "பாருங்க, கை குடுக்குது," என்றார். கூட்டம் கைதட்டியது. டிரம்பெட்காரர் ஒரு முழக்கம் போட்டார். ஜெனரல் அடுத்த பல் வரிசையை முன்னால் நகர்த்தி இன்னும் கொஞ்சம் விழுங்கியது.

மாமா குனிந்து நெரேய்தாவின் காதில் கிசுகிசுத்தார். மைக் இன்னும் வாயருகே இருப்பதை மறந்துவிட்டார்.

"இது எப்பம்மா விடும்?" என்ற கேள்வி மண்டபம் முழுக்க ஒலித்தது.

"விடாது மாமா. உங்களை எலோத்தேன்னு நினைச்சுக்கிட்டு திங்குது."

"இழுத்துடட்டுமா?"

"இழுத்தா பல்லு உள்ளயே உடைஞ்சுடும். வாங்க."

கல்யாணப் பெண் மாமாவை இழுத்துக்கொண்டு, குளிர்பானப் பாட்டில்கள் மிதந்த ஐஸ் தொட்டிக்கு ஓடினாள். தோள்வரைக்கும் கையை முக்கினாள். குளிர் ஏறினால் பாம்பின் பிடி தளரும். மாமாவுக்குப் பல் கிடுகிடுத்தது, அதுவும் மைக்கில் கேட்டது. குளிர்பானத்தின் பத்ரினோ பக்கத்தில் வந்து, "என் தொட்டியில பாம்பைப் போட்டா பாட்டிலை யாரு குடிக்கிறது?" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் ஜெனரல் வாயைத் தளர்த்தியது. ஏமாந்துபோன முகத்தோடு நெரேய்தாவின் கைக்கு வந்தது. அவள் அதைத் துடைத்துப் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். மாமாவோ விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நேரே எராஸ்தோவிடம் போனார். கூட்டமும் பின்னால் போனது. ஆளுக்கொரு யோசனை. ஒருத்தி, கடிச்சுக் கோபம் தீர்ந்திருக்கும், இப்ப விடலாம் என்றாள். இன்னொருவர், ஒரு துளி புனித தீர்த்தம் தெளிச்சுட்டு விடலாம் என்றார்.

"குடுடா எலோத்தேயை," என்றார் மாமா. "ஆரம்பிச்சதை முடிக்கணும். சனம் பார்த்துக்கிட்டு இருக்கு."

நெரேய்தா கூட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டாள். யார் முதுகைத் தள்ளியும் வழி கிடைக்கவில்லை. எராஸ்தோவின் வாய் திறப்பது தெரிந்தது. அதிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாட்டேன் மாமா."

கண்ணைத் திறந்தாள். எராஸ்தோ எலோத்தேயைத் தன் கோட்டுக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அது கழுத்துப்பட்டைப் பக்கம் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னது?" என்றார் மாமா.

"குடுக்க மாட்டேன். உங்க விரலையே எலோத்தேன்னு நினைச்சுத் தின்ன பாத்துச்சு. நிஜ எலோத்தேயைப் போட்டா மிச்சம் வைக்காது. இது அவ உயிரு. ரெண்டுக்கும் ரெண்டு பெட்டி வேணும் மாமா. முதல்ல இருந்தே அதுதான் வேணும்."

காசியானோ மாமா அவனையே பார்த்தார்.

"இதை ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னு."

"பட்டிருப்பேன்," என்றார் மாமா, கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே. "முழு விரலோட வருத்தப்பட்டிருப்பேன்."

முதலில் சிரித்தது அவர் மனைவி எவ்லாலியா. அப்புறம் மண்டபமே சிரித்தது. நெரேய்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் எராஸ்தோவைக் கட்டிக்கொண்டாள். நடுவில் எலோத்தே நசுங்கிவிடாமல் கொஞ்சம் தள்ளியே கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மிச்ச மோலேயைத் தின்ன எல்லோரும் புதுமணத் தம்பதி வீட்டில் கூடினார்கள். மாமா கட்டுப்போட்ட விரலோடு, ஒரு கண்ணாடித் தடுப்பைத் தோளில் சுமந்து வந்தார். பெட்டிக்கு நடுவே அதை நிறுத்தி, இடுக்கெல்லாம் பசை வைத்து அடைத்து, இரண்டாவது கதவும் போட்டார். பசை காய்ந்த பிறகு நெரேய்தா ஒரு பக்கம் எலோத்தேயை விட்டாள், எராஸ்தோ மறுபக்கம் ஜெனரலை விட்டான். இதய வடிவக் கண்ணாடிக்குச் சரியாகக் குறுக்கே போனது தடுப்பு.

ஜெனரல் நேரே தடுப்புக்கு வந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியது. எலோத்தே எங்கே நகர்ந்தாலும் கூடவே நகர்ந்தது. எவ்லாலியா அத்தைக்கு மனசு கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"பாவம்ங்க. எப்படி ஏங்குது பாருங்க. ஒரு ராத்திரிக்காவது ஒண்ணா விட்டுப் பாக்கலாமே."

அங்கே உட்கார்ந்திருந்த சொந்தமெல்லாம் ஆமாம் ஆமாம் என்றது. நெரேய்தா எழுந்து பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா கட்டுப்போட்ட கட்டைவிரலை எல்லோர் முகத்துக்கும் நேராகத் தூக்கிக் காட்டிவிட்டார்.

"ஏக்கம் இல்லடி அது. பசி," என்றார். பிறகு அளவுநாடாவை எடுத்து, "பாத்துக்கிட்டே இருந்தா எலோத்தேவுக்குச் சோறு இறங்காது. கண்ணாடி வேணாம், தகடு போட்டுடறேன்," என்று தடுப்பை அளக்க ஆரம்பித்தார்.