பஞ்சாலை ஸ்டோர்

பஞ்சாலை இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. தலை முழுக்க நரைத்து, வாயில் ஒரு பல்கூட இல்லாமல், முதுகு கூன் விழுந்து இறந்தாள். பாரோய்க்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஜப்பான்காரன் காலத்தில் செத்தவர்கள் ஏராளம். சயாமில் ரயில் பாதை போடப் போய்ச் செத்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், மரவள்ளிக்கிழங்கையே தின்று கால் வீங்கிச் செத்தார்கள். ஐந்து வயதில் கிழவியாகிச் செத்தது இவள் ஒருத்திதான். அதைப் பற்றியும் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் உப்பு விலை ஏறிவிட்டதால் எல்லாரும் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

அவள் அப்பன் வீரமுத்து கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்ததில்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு ஆசை. அம்பாங்கான் டவுனில் சீனத் தவுக்கே முதலாளியின் மளிகைக் கடையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தவன், அதைப்போல ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் தான் உட்கார்ந்திருப்பதாகவும், மாடியில் பெண்டாட்டி மயிலம்மாள் சமைப்பதாகவும், பஞ்சாலை கவுன் போட்டுக்கொண்டு படிக்கட்டில் ஓடி விளையாடுவதாகவும் நினைக்கத் தொடங்கினான். தொடங்கியவன் நிறுத்தவில்லை. ரப்பர் பால் வெட்டும்போதும் நினைத்தான், சோறு தின்னும்போதும் நினைத்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஓர் ஆறு ஓடியது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து பஞ்சாலை சாயங்காலமானால் அவன் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, தூக்கு. ஆத்துக்கு" என்பாள். "நாளைக்குப் போலாம்டா" என்பான் வீரமுத்து. தோளில் ஏற்றிக்கொண்டு போய்வர அரை மணிகூட ஆகாது.

பஞ்சாலைக்கு இரண்டு வயது நடக்கும்போது ஜப்பான்காரன் சிரம்பானுக்குள் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். ரப்பரை வாங்க நாதியில்லை. மரங்களில் பாதியை வெட்டிப்போட்டுவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். அரிசி ரேஷனுக்கு வந்தது. உழைக்கிறவனுக்கு ஒரு பங்கு, வீட்டில் கிடக்கிற கிழடுகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் பாதிகூட இல்லை. உழைக்கிறவர் யார் என்பதற்கு ஒரே சாட்சி காலைப் பெரட்டுதான். விடிவதற்குள் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும், கணக்கெழுதும் ஆம்புரோஸ் கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், "இருக்கேங்கய்யா" என்று குரல் வந்தால் ஒரு பங்கு அரிசி. அந்தப் பேருக்கு உண்டான மரவள்ளிப் பாத்தியைக் கொத்தி முடித்தால் போதும், யார் கொத்தினார்கள் என்று எவனும் கேட்கப்போவதில்லை. ஜப்பான்காரனுக்குத் தலைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் சரி.

இந்த ஓட்டை வழியாகத் தோட்டமே உயிர் பிழைத்தது. மங்கம்மா சயாமுக்குப் போன புருஷன் பேருக்குக் குரல் கொடுத்தாள். ஆறுமுகம் செத்துப்போன தம்பி பேருக்குக் குரல் கொடுத்தான். அவனே இரண்டு பாத்தி கொத்தி இரண்டு பங்கு அரிசி வாங்கினான். ஆம்புரோஸ் கிராணி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதர். ஆனாலும் செத்தவர்களைக் கூப்பிடும்போது அவர் குரல் நடுங்கியதே இல்லை. வீரமுத்துவும் ஒருநாள் போய் நின்றான். வீட்டில் செத்தவர், போனவர் யாராவது உண்டா என்று கிராணி கேட்டார். "எங்க வீட்ல யாரும் சாகலைங்களே ஐயா" என்றான் வீரமுத்து, என்னவோ தனக்கு மட்டும் அநியாயம் நடந்துவிட்ட மாதிரி. பிறகு பஞ்சாலை பேரைக் கொடுத்தான்.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "உசுரோட இருக்கிற புள்ளை பேரு வேணாம் வீரமுத்து. செத்தவனுக்கு ஒண்ணும் ஆகாது. இது வளர்ற புள்ளை."

"பேருதானேங்கய்யா. அவளையா கொத்தச் சொல்லப்போறேன்? நான் கொத்துறேன்லா."

மறுநாள் பெரட்டில் "பஞ்சாலை" என்று கூப்பிட்டதும் வீரமுத்து குழந்தைக் குரலில் "இருக்கேங்கய்யா" என்றான். களமே சிரித்தது. பசியிலும் அப்படிச் சிரித்தார்கள். அன்று மத்தியானம் மயிலம்மாள் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது உள்ளங்கையில் காய்ப்பு இருப்பதைப் பார்த்தாள். மண்வெட்டிக் காம்பு பிடித்தால் வருகிற காய்ப்பு. சாயங்காலம் குளிப்பாட்டும்போது காலையில் போட்ட சட்டை தோளில் இறுகியது. இரண்டு மாதத்துக்குள் பால்பற்கள் விழத் தொடங்கின. குரல் கொடுத்த நாள் ஒவ்வொன்றிலும் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு மாத வயது ஏறியது. மழைக்காலத்தில் சில நாள் பெரட்டு இருக்காது, அந்த நாள்களில் அவள் மற்ற பிள்ளைகளைப்போல ஒரு நாள்தான் வளர்ந்தாள்.

இதை வீரமுத்துவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவனுக்கே தெரிந்தது. முதல் சில மாதங்களுக்கு அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த அரிசி வயிற்றுக்குப் போயிற்று. ஆனால் பின்கட்டில் அவன் போட்ட கிழங்கும் கீரையும் தலையெடுத்த பிறகு, வீட்டில் மூன்று வயிறும் நிறைந்த பிறகு, பஞ்சாலையின் பங்கு அரிசி மிஞ்சியது. மிஞ்சியதைச் சாக்கில் கட்டி அம்பாங்கானுக்குக் கொண்டுபோனான். டவுனில் பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் அரிசிக்காகக் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஜப்பான் நோட்டை வீரமுத்து தொடவில்லை, அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். தங்கமாகத்தான் வாங்கினான். முதலில் வாங்கியது குழந்தை போடுகிற சின்னக் காப்பு ஒரு ஜோடி. பேரம் பேசி வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பஞ்சாலையின் மணிக்கட்டு அதைத் தாண்டிவிட்டது.

"ஏ பஞ்சாலப்பா," என்றாள் மயிலம்மாள். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பதால் அவள் எப்போதும் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். "போதும். பேர எடுத்துடுங்க. புள்ளைக்கு விளையாடவே நேரமில்ல."

"விளையாடிக்கிட்டுதானே இருக்கு."

"எங்க விளையாடுது? பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தேன், கத்துக்கறதுக்குள்ள அந்த வயசு போயிடுச்சு."

கடை வாங்கியதும் நிறுத்திவிடுகிறேன் என்றான் வீரமுத்து. ஒருநாள் காலை மயிலம்மாளே பெரட்டில் முந்திக்கொண்டு, "இல்லீங்கய்யா! அவ இல்ல!" என்று கத்தினாள். கிராணி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போனார். அன்று முழுக்கப் பஞ்சாலை வீட்டு வாசலில் ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று உரசிச் சூடாக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தொடையில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த நாள் அது. அடுத்த நாள் மயிலம்மாள் ஏன் கத்தவில்லை என்று கேட்டால், அதையும் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அன்று ராத்திரி வீரமுத்து தங்கம் கட்டியிருந்த துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினான். மயிலம்மாளும் பார்த்தாள். மாடி வீடும் சமையலறைக் குழாயும் அவளுக்கும் ஆசைதான். வாயை மூடிக்கொண்டு நின்றாள், வீரமுத்து குரல் கொடுத்தான்.

வருஷம் திரும்புவதற்குள் பஞ்சாலை பெரிய மனுஷியானாள். சடங்கு சுற்ற அப்பன் இல்லை, தோடு வாங்க அம்பாங்கான் போயிருந்தான். தோடு வந்து சேர்ந்தபோது அவள் காதுத் துளை தூர்ந்துபோயிருந்தது. அதற்கடுத்த வருஷம் மாப்பிள்ளை தேடினார்கள். சுங்கை காடுட் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, லட்சணமாகத்தான் இருக்கிறாள், வயது என்ன என்று கேட்டார்கள். நாலு என்று மயிலம்மாள் உண்மையைச் சொன்னாள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சின்னப் பெண், ஓர் ஆறு மாதம் பொறுத்து வருகிறோம் என்றார்கள். ஆறு மாதம் கழித்து வந்தபோது அவளுக்கு மாப்பிள்ளையின் அம்மா வயது. மரியாதையாக ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கல்யாணத்துக்கென்று வாங்கிய வளையல்கள் அவள் கையில் தளர்ந்து கழன்று விழுந்தன. எதை வாங்கினாலும் வீரமுத்து ஒரு வயது பிந்தியே வீட்டுக்கு வந்தான்.

பஞ்சாலை யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. கோபிக்க அவளிடம் ஒன்றுமில்லை. வயது ஏறியது, அறிவும் கூடவே ஏறியது, ஆனால் திரும்பிப் பார்த்தால் பின்னால் எதுவும் இருக்கவில்லை. மற்ற பெண்கள் உட்கார்ந்து சின்ன வயசுக் கதை பேசும்போது அவள் தன் காய்த்த கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நினைவில் இருந்ததெல்லாம் அந்த ரப்பர் விதையின் சூடுதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்வாள், கேட்பவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். மயிலம்மாளின் கறுத்த தலையை அவள் மகளின் நரைத்த தலை தாண்டிப்போனது. மகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, கைபிடித்து நடத்திக் கூட்டிப்போகிற வேலை அம்மாவுக்கு வந்தது. அம்மாவை அவள் "புள்ள" என்று கூப்பிடத் தொடங்கினாள். ஒருநாள் வீரமுத்து வெயிலில் வேலை முடிந்து வந்து குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "யாரு தம்பி? சாப்டியா?" என்றாள்.

வீரமுத்து செம்பை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். அன்று அவன் அழுதான் என்று மங்கம்மா சொல்வாள். அழுதிருக்கலாம். ஆனால் கடைக்குப் பேச்சு முடிகிற சமயம் அது, இன்னும் கொஞ்சம்தான் குறைந்தது. அடுத்த நாளும் போய்க் குரல் கொடுத்தான்.

தவுக்கே தங்கத்தை உரசிப் பார்த்து, கடையைத் தருவதாகத் தலையாட்டிய அன்றே வீரமுத்து ஓட்டமும் நடையுமாக வந்து கிராணியின் முன்னால் நின்றான். பேரை எடுத்துவிடும்படி சொன்னான். ஆம்புரோஸ் கிராணி எடுத்துவிட்டார். அன்றோடு பஞ்சாலைக்கு மாதக்கணக்கில் வயது ஏறுவது நின்றது. போனது திரும்பவில்லை. திரும்பும் என்று வீரமுத்து எதிர்பார்த்திருந்தான் போலிருக்கிறது. சில நாள் காலையில் எழுந்து முதல் வேலையாக அவள் வாயைத் திறந்து பல் முளைக்கிறதா என்று பார்த்தான். அதற்குப் பதிலாக, கிழடானவர்கள் குழந்தையாவதுபோல அவளுக்குப் பேச்சு மழலையாயிற்று. ஒரு சாயங்காலம் தரையில் தவழ்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, தூக்கு. ஆத்துக்கு" என்றாள்.

வீரமுத்து தூக்கினான். தோளில் உட்கார வைத்துக்கொண்டு லயத்தின் நடுவே நடந்தான். நரைத்த தலையும் தொங்கிய கால்களுமாக ஒரு கிழவி இளந்தாரியின் தோளில் போவதைப் பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். ஆறுமுகம், "மொத தடவையா ஆத்துக்குப் போறா, பாத்துப் போ" என்றான். ஆற்றங்கரையில் அவளைப் பாறைமேல் உட்கார வைத்துக் காலைத் தண்ணீரில் விட்டான். அவள் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சின்ன மீன்கள் வந்து விரலைக் கடித்தன, சிரித்தாள். பிறகு தலையைத் திருப்பி, "இவ்ளோ கிட்டத்திலயா இருந்துச்சு?" என்று கேட்டாள். வீரமுத்து அவள் காலைத் துடைத்துவிட்டான். திரும்பும்போதும் தோளில் ஏற்றிக்கொண்டான். நாளைக்கும் வரலாம், தினமும் வரலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் இறக்கும்போதுதான் அவள் எங்கோ வழியிலேயே போய்விட்டாள் என்று தெரிந்தது. எடையில் வித்தியாசம் இல்லாததால் அவனுக்குத் தெரியவில்லை.

எரிப்பதா புதைப்பதா என்று பெரியவர்கள் யோசித்தார்கள். சின்னப் பிள்ளைகளைப் புதைப்பதுதான் தோட்டத்து வழக்கம், வயதானவர்களை எரிப்பார்கள். ஐந்து வயது ஐந்து வயதுதான் என்று முடிவாகி, பெரிய ஆளுக்கு வேண்டிய நீளத்தில் குழி வெட்டி, பிள்ளைக்கு ஊற்றுவதுபோல் பால் ஊற்றிப் புதைத்தார்கள். மங்கம்மாவுக்கு எந்த ஒப்பாரி பாடுவது என்று தெரியவில்லை, கிழவிக்குப் பாடுவதையே பாடினாள். பேரன் பேத்தி எடுத்தவளே என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சில வாரங்களில் ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஜப்பான் நோட்டைச் சேர்த்தவர்கள் அது செல்லாமல் போனதால் அதை வைத்து அடுப்பெரித்தார்கள். வீரமுத்துவின் தங்கத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, கடை அவனுடையதாயிற்று. வியாபாரம் நன்றாகவே நடந்தது. மயிலம்மாள் வரவில்லை. லயத்திலேயே இருந்து பழையபடி பால் வெட்டினாள், பெரட்டில் தன் பேருக்கு மட்டும் குரல் கொடுத்தாள். மாடியில் யாரும் சமைக்கவில்லை. வீரமுத்து கடைக்குப் பஞ்சாலை ஸ்டோர் என்று பலகை மாட்டினான். பஞ்சாலையின் கடைசிக் காலத்தில் டவுனிலிருந்து ஆள் வரவழைத்து எடுத்த படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டி, அதன் ஆணியில் அந்தச் சின்னக் காப்பு ஜோடியையும் தொங்கவிட்டான். தலை நரைத்து, பொக்கை வாயோடு சிரிக்கிற படம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, "அண்ணே, படத்துல இருக்கிறது உங்க ஆத்தாவா?" என்பார்கள்.

"இல்ல, என் மக" என்பான் வீரமுத்து. "அஞ்சு வயசுல போயிட்டா."

"ஐயோ பாவம், சின்னப் புள்ளை" என்பார்கள் அவர்கள். பிறகு உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு போவார்கள்.