பச்சைத் தோல் வார்

ரத்தினசாமிக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது. படிப்பு இல்லை, சொந்த வீடு இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும் இரக்கம் உள்ள ஆள் என்று தனக்குத் தானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தான். அதற்கு அவன் வைத்திருந்த ஒரே அத்தாட்சி அக்கா புருஷன் காசிநாதனின் நாய். அந்த நாயைக் காசிநாதன் படுத்தாத பாடு படுத்தினான். அதற்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றி, தலையைத் தடவிக் கொடுத்தவன் ரத்தினசாமி மட்டும்தான். ஊருக்கு இது தெரியாவிட்டாலும் கடவுளுக்குத் தெரியும் என்று நம்பினான்.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் காசிநாதன் மேஸ்திரி. ரத்தினசாமிக்கு அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. வேலை வாங்கிக் கொடுத்ததும் காசிநாதன்தான், சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்ததும் அவன்தான். ஆகையால் அந்த வீட்டில் ரத்தினசாமியின் வாய் சாப்பிடத் திறக்குமே தவிர, எதிர்த்துப் பேசத் திறக்காது.

நாய் வந்த கதை இது. ஜோலார்பேட்டையில் ரயில்வே துரை ஒருவரின் பங்களாச் சமையல்காரன் ஒரு குட்டியைக் கொடுத்தான். உடம்பெல்லாம் சடைமயிர் தொங்கும் குட்டி. "சீமை ஜாதிடா, பாத்துக்கோ" என்று காசிநாதன் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். டைகர் என்று பெயரும் வைத்தான். கட்டியே போட்டால் நாய்க்குக் கோபம் ஏறும், கோபம் ஏறினால்தான் காவல் காக்கும் என்று எவனோ புத்திசாலி அவனுக்குச் சொல்லிவிட்டான். மறுநாளே டைகர் வாசல் புங்கமரத்தில் குட்டைக் கயிற்றில் கட்டப்பட்டது. மழையானாலும் வெயிலானாலும் அங்கேதான்.

கட்டியது தேங்காய்நார்க் கயிறு. குட்டியின் கழுத்தை அது அறுத்தது. பார்க்கச் சகிக்காமல் ரத்தினசாமி ஷாப்பிலிருந்து ஓரம் வெட்டிப்போட்ட தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். சுண்ணாம்பில் மயிர் கழன்று, கழுவி எடுத்து, பதமாவதற்கு ஆவாரம்பட்டைத் தண்ணீருக்குப் போகக் காத்திருந்த தோல். ஈரத்தில் அது வெற்றிலை மாதிரி மெத்தென்று இருந்தது. அதில் ஒரு வார் கிழித்து, குட்டியின் கழுத்தில் சுற்றி, முனையைக் கோத்து முடிச்சுப் போட்டான். கயிற்றை அந்த வாரில் மாட்டினான்.

"பாரு மாமா, எப்டி மெத்துனு கீது. இனிமே கழுத்து வலிக்காது."

"கெட்டிக்காரன்டா மச்சான் நீ" என்றான் காசிநாதன். பட்டைத் தண்ணீரில் பதமான வார் ஒன்றைப் பிறகு கொண்டுவந்து மாற்றிவிட வேண்டும் என்று ரத்தினசாமி நினைத்தான். நினைத்ததோடு சரி.

குட்டி வளர்ந்து நாயானது. ஆனால் காசிநாதன் எதிர்பார்த்த புலி அதிலிருந்து வெளியே வரவில்லை. முதலில் நன்றாகக் குரைத்துக்கொண்டிருந்தது, போகப்போகக் குரல் கம்மி, கடைசியில் இருமல் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஒருநாள் வாசலிலிருந்த கோழியை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். டைகர் வாயைத் திறக்கவில்லை.

"கொரைக்காத நாயிக்கு இன்னாத்துக்குடா சோறு?" என்று காசிநாதன் காலால் உதைத்தான். அன்று முதல் ஷாப்புக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று உதை வாடிக்கையாகிப் போனது. அக்கா பூவம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். ரத்தினசாமி அந்தப் பக்கமே பார்க்காமல் நிற்பான். மாமன் தலை மறைந்ததும் கொட்டாங்கச்சியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு போய், "இந்தப் பாவிகிட்ட வந்து மாட்டிக்கினியே" என்று நாயின் முதுகைத் தடவுவான். நாய் கொஞ்சம் நக்கும், விழுங்க முடியாமல் பாதியைத் துப்பும். உதை வாங்கிய ஏக்கம் என்று நினைத்துக்கொள்வான். அப்படித் தடவிக் கொடுக்கும்போது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரக்கத்தைப் போலவே அவனிடம் இன்னொன்றும் இருந்தது. அது கூச்சம். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவனின் நாற்றம் குளித்தால் போகாது, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். திருப்பத்தூர்ச் சந்தையில் ஒரு கடைக்காரன், "காத்து வர்ற பக்கம் நிக்காதே, அப்டிப் போய் நில்லு" என்று வெல்லத்தைத் தூரத்திலிருந்து விட்டெறிந்தான். அதை வாங்கிக்கொண்டு வந்தவன் வழியில் பாலத்தின் கீழே கொட்டிவிட்டான். அவனுக்கோ, அவன் தெருக்காரர்களுக்கோ அந்த நாற்றம் தெரியாது. சுண்ணாம்பும் தோலும் ஊறிய மூக்கு அது. செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பிறர் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தங்கள் நாற்றத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

குடியாத்தத்திலிருந்து கமலவேணி என்ற நெசவுக்கார அம்மாள் லுங்கியும் சேலையும் மூட்டை கட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வருவாள். வேலிக்கு இந்தப்பக்கம் வரமாட்டாள். வேலியோரக் கல்லில் உட்கார்ந்துதான் மூட்டையைப் பிரிப்பாள். ஆனால் ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. அதனாலேயே அவளிடம் எல்லோருக்கும் பிரியம்.

ஐப்பசி மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பூவம்மாளும் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியும் சேலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கமலவேணி திடீரென்று முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"பூவம்மா, இன்னாமோ அழுவிப்போன நாத்தம் வருதே. எங்கன்னு பாரும்மா."

பூவம்மாளின் கை சேலைமேல் அப்படியே நின்றது. ஆரோக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த ரத்தினசாமிக்கு ஜிவ்வென்று கோபம் தலைக்கு ஏறியது. சந்தைக் கடைக்காரன், ரயிலில் நகர்ந்து உட்கார்ந்தவர்கள், எல்லோரும் ஒன்றாய்ச் சேர்ந்து வேலியோரக் கல்லில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

"நாங்க நாறுற ஜனங்கதாம்மா. இத்தினி நாளா தெரியாதா?" என்று எழுந்தான்.

"ஐயோ, அது இல்லப்பா. தோல் நாத்தம் எனக்குப் பழகிப்போச்சி. இது வேற..." என்று அவள் கையைத் தூக்கி நீட்டினாள்.

"இன்னா வேற? கையெல்லாம் நீட்டாதே! மூக்கைப் பொத்திக்கினு எங்க வாசலுக்கு இன்னாத்துக்கு வர்றே? எங்க காசு மட்டும் மணக்குதா?"

கமலவேணி நீட்டிய கையை இறக்கினாள். மூட்டையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தெருவே ரத்தினசாமியை மெச்சியது. "நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டே தம்பி" என்றாள் ஆரோக்கியமேரி. பூவம்மாள் அன்று மீன்குழம்பில் அவனுக்கென்று பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள். காசிநாதன்கூட முதுகில் தட்டிக் கொடுத்தான். அந்த வசனத்தை ரத்தினசாமி ஷாப்பில் கேட்டவனுக்கும் சொன்னான், கேட்காதவனுக்கும் சொன்னான்.

அந்த வாரம் முழுக்க அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான். அடுத்த ஞாயிறு காலை கஞ்சியோடு போனபோது டைகர் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. வாலை ஒருமுறை மண்ணில் தட்டியது. சடைமயிர்மேல் ஈ மொய்த்தது. தலையை நிமிர்த்திக் கஞ்சி புகட்டலாம் என்று கழுத்துக்கடியில் கையைக் கொடுத்தான். விரல் மயிருக்குள் புகுந்து ஏதோ ஈரத்தில் இறங்கியது.

மயிரை விலக்கிப் பார்த்தான். வாரைக் காணோம். கழுத்தைச் சுற்றிச் சதை இரண்டாகப் பிளந்து வீங்கியிருந்தது. பிளவுக்குள் புழு நெளிந்தது. அதற்கும் உள்ளே கறுத்துப்போய்க் கம்பி மாதிரி ஏதோ தெரிந்தது. அதுதான் வார்.

அவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்திருந்தும் அவனுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. அப்போதுதான் "இது வேற" என்ற குரல் மறுபடி காதில் விழுந்தது. அந்த அம்மாள் கையை நீட்டியது இந்தப் புங்கமரத்தை நோக்கித்தான்.

அதைவிடப் பெரிய இடி அடுத்தாற்போல் இறங்கியது. பட்டைத் தண்ணீர் காணாத தோல் காய்ந்தால் சுருங்கி இரும்பாகும். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறுகும். சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவன் முதல்நாளே கற்றுக்கொள்ளும் பாடம் இது. இறுகுகிற வாருக்குள் வளர்கிற கழுத்து. உதைத்தது மாமன், கழுத்தை நெரித்தது இவன். குரைக்க முடியாமல் செய்துவிட்டு, குரைக்காததற்கு உதை வாங்குகிறதே என்று பரிதாபப்பட்டுத் தடவியும் கொடுத்திருக்கிறான்.

"அக்கா!" என்று கத்தினான். பூவம்மாள் கத்தியோடும் தண்ணீரோடும் ஓடிவந்தாள். ஆரோக்கியமேரி நாயின் காலைப் பிடித்துக்கொண்டாள். சதைக்கும் வாருக்கும் நடுவில் கத்தி முனையை நுழைத்து நெம்பி அறுத்தான். நாய் கத்தவில்லை. கத்த அதற்குத் தொண்டை எங்கே இருந்தது? அக்கம்பக்கம் கூடிவிட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த காசிநாதன்மேல் பூவம்மாள் பாய்ந்தாள்.

"பாவி மனுசா! வாயில்லா ஜீவனை இப்டியா கட்டி வெச்சிக் கொல்லுவே? நீ நல்லா இருப்பியா?"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. ரத்தினசாமி சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். சொன்னான், ஆனால் வேறு விதமாகச் சொன்னான்.

"இப்டியா மாமா கட்டி வெப்பாங்க?"

மாமனை அவன் எதிர்த்துப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு பொய்க்காக.

காசிநாதன் முகத்தில் ஈயாடவில்லை. "நானு... எனக்கு இன்னா..." என்று ஆரம்பித்தவன், குனிந்து மண்ணில் கிடந்த வாரை எடுத்தான். தோலைத் தொட்டே அது எந்தக் குழியில் எவ்வளவு ஊறியது என்று சொல்கிற மேஸ்திரி அவன். வளைத்துப் பார்த்தான், வளையவில்லை. தலையைத் தூக்கி மச்சானை ஒரு பார்வை பார்த்தான். ரத்தினசாமி வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைப்பதில் மும்முரமாக இருந்தான். காசிநாதன் வாரை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அதன்பிறகு நடந்ததுதான் ரத்தினசாமியைத் தின்றது. காசிநாதன் நாயை வீட்டுக்குள் தூக்கிவந்து சாக்கு விரித்துப் படுக்கவைத்தான். குச்சியால் புழு எடுத்தான். கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தான். தெருவில் அவனைக் கண்டால், "நாயைக் கொல்லப் பாத்த ஆளு" என்று காதுபடப் பேசினார்கள். ஷாப்பில், "மேஸ்திரி இப்ப உசுரோடவே தோல் உரிக்கிறாரு" என்று சிரித்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனானே தவிர, "அந்த வாரைக் கட்டினது யாரு தெரியுமா?" என்று ஒருவனிடமும் கேட்கவில்லை. ரத்தினசாமி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பலமுறை வாயெடுப்பான். எடுத்த வாயில், "அக்கா, கொஞ்சம் ரசம்" என்று கேட்டு முடித்துக்கொள்வான்.

நாய் பிழைத்துக்கொண்டது. பொங்கல் கழித்து ஒருநாள் வேலிக்கு அப்பால் கமலவேணி வந்து நின்றாள். மூட்டை தலையிலேயே இருந்தது, கல்லில் உட்காரவில்லை. பூவம்மாள் சங்கடத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"அந்த நாயி உசுரோட கீதா பூவம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள் அவள். "எங்க பக்கத்து ஊட்டு மாட்டுக்கு இப்டித்தான் கழுத்துல கயிறு எறங்கி அழுவிப்போச்சி. அந்த நாத்தம் எனக்குத் தெரியும். அன்னிக்கு அத்தச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள தம்பிக்குக் கோவம் வந்துட்ச்சி. நானும் வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. அப்புறம் மனசே கேக்கல."

"பொழச்சிகிச்சும்மா" என்றாள் பூவம்மாள்.

"எந்தப் பாவி அப்டிக் கட்டுனது?"

வாசற்படியில் நாயோடு உட்கார்ந்திருந்த காசிநாதன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "நான்தாம்மா. என் நாயி, வேற யாரு கட்டுவாங்க?"

வசவாக இருந்திருந்தால் ரத்தினசாமி இன்னும் கொஞ்ச நாள் மறைந்து நின்றிருப்பான். இது தாங்கவில்லை. பக்கச் சுவர் மறைவிலிருந்து வந்து வேலியோரம் நின்றான்.

"இல்லம்மா. நான்தான் கட்னேன். பதம் பண்ணாத பச்சைத் தோலு. அது எறுகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நெனைக்கல. நான் கட்னதுன்னு மாமாவுக்கும் தெரியும், அவரு சொல்லல. நானும் சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "உங்களையும் பேசக் கூடாத பேச்சு பேசிட்டேன்."

பூவம்மாள் தம்பியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கமலவேணி மூட்டையை இறக்கிக் கல்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"வாரைப் பாலாத்துல வீசிட்டேன்டா" என்றான் காசிநாதன் எரிச்சலோடு. "இப்போ இன்னாத்துக்கு இத்தச் சொன்னே? சொம்மா இருந்திருக்கலாமில்லே? ஒதச்சது நான்தானே."

ரத்தினசாமியின் குரல் கேட்டதும் டைகர் படியிலிருந்து எழுந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத சிவந்த வளையம். வாலை ஆட்டிக்கொண்டு, இருமல் மாதிரி ஒரு குரைப்புக் குரைத்துக்கொண்டு, கஞ்சி ஊற்றுகிறவனிடம் ஆசையாக வந்தது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். தன்னை நெரித்தது யார் என்று அதற்கு எந்தப் பாஷையில் சொல்வது? நாய் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் போய், வார் கிழித்த அந்தக் கைகளை நக்கியது.