நடு நெற்றியில் காயம், ஆழம் தெரியவில்லை

ஆயுத பூஜையன்று எஸ்டிமேட் போடும் லேப்டாப்புக்குக் கண்ணில் பொட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் ஜெபராணியின் பள்ளிக்கூட வேனுக்கு நடு நெற்றியில் ஓட்டை விழுந்தது.

தூத்துக்குடியில் சுடலைமணியின் பட்டறை இருக்கிற தெருவில் வண்டிகள் எஸ்டிமேட்டுக்குக் கட்டுப்பட்டவை. கதவு நசுங்கல் என்றால் கதவு நசுங்கியிருக்கும். பம்பர் என்று மாற்றிச் சொன்னால் கதவு நேராகி பம்பர் நசுங்கும். அதனால் அங்கே டிங்கர் வேலையைவிட எஸ்டிமேட் சொல்வதுதான் பெரிய வேலை. சுடலைமணி அதை வாயாலேயே சொல்லிவந்தார். வண்டியை ஒரு சுற்று வருவார், புறங்கையால் தடவுவார், சொல்வார். திருப்பிக் கேட்டால் எரிந்து விழுவார்.

வயசாகிவிட்டது. ஒரு ஜீப்புக்குச் சொல்லும்போது நடுவில் கொட்டாவி விட்டார். அந்த ஜீப்பின் பின்கதவு அதற்குப் பிறகு மூடவில்லை. இன்னொரு காருக்குச் சொல்கையில் இருமினார். பாலம் ஏறும்போது அது இன்றைக்கும் இருமுகிறது.

"சாஃப்ட்வேர் வாங்கிரலாம் அண்ணாச்சி. அது கொட்டாவி விடாது" என்றான் பெயின்டர் மாசானம்.

"விட்டா?"

"திருப்பிக் குடுத்துரலாம்."

அந்தச் சமயத்தில்தான் ஜெபராணி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். காலாண்டு விடுமுறை. பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன், அவளே ஓட்டுவாள். ஏதோ கேட்டில் உரசி இடப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்கு அவள் போகவில்லையென்றால் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள எட்வின் என்பவன் புது வேனோடு காத்திருந்தான். ஏற்றினால் இறக்கமாட்டான்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு நிக்க மாதிரி வண்டியக் கழுவி வச்சிருக்கான் அண்ணாச்சி. திங்கக்கிழமை நான் போகலன்னா என் பொழப்பு போச்சி."

"உன் வண்டிலதான் சாஃப்ட்வேர பாக்கப் போறோம். பேசாம உக்காரு."

முதலில் பார்த்தது வெளிநாட்டுச் சரக்கு. எஸ்டிமேட்டை நல்ல காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தது. ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம் என்று போட்டது. ஸ்டியரிங் இடப்பக்கம் போய்விட்டது. ஜெபராணி வழக்கம்போல வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி, ஒன்றும் தட்டுப்படாமல் இறங்கினாள்.

"இந்த வண்டி அமெரிக்காவுக்குப் போகட்டும். நான் முத்தையாபுரம்தான் போகணும்."

சுடலைமணி சாஃப்ட்வேரை அழித்தார். ஸ்டியரிங் திரும்பி வந்தது.

இரண்டாவது இலவசம். நடுநடுவே விளம்பரம் வரும். இடப்பக்கக் கதவு தட்டி எடுக்க என்று ஒரு வரி. அடுத்த வரியில் கல்யாண மண்டபம், ஏ.சி. வசதியுடன். அதற்கடுத்து பெயின்ட். வேனுக்குள் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாசானம் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாயசத்தில் சீனி குறைவு என்று வந்து சொன்னான். கடைசிப் பந்தியும் எழுந்து கை கழுவட்டும் என்று காத்திருந்து, அதையும் அழித்தார்.

மூன்றாவது சென்னைக்காரர்கள் செய்தது. முட்டியது மாடா ஆட்டோவா என்று கேட்டது. ஆட்டோ என்றால், டிரைவர் நின்றாரா ஓடிவிட்டாரா என்றும் கேட்டது. விவரமான சாஃப்ட்வேர். சுடலைமணிக்குப் பிடித்துவிட்டது. அதை வைத்துக்கொண்டார். வேனுக்கு எஸ்டிமேட் பூஜை முடிந்துதான் என்றார்.

மறுநாள் ஆயுத பூஜை. சுத்தியல், வெல்டிங் செட், கம்ப்ரசர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். லேப்டாப்புக்கு நெற்றி எங்கே என்று பார்த்தார்கள். மேலே, நடுவில், வட்டமாக ஒன்று இருந்தது. நெற்றி வேறெங்கே இருக்கும்? மாசானம் பெயின்டர் கை. குங்குமத்தைச் சிந்தாமல் வைத்தான்.

பூஜை முடிந்த மறுநாள், முகம் பார்க்கக் கண்ணாடி காட்டுவதுபோல் லேப்டாப்பை வேனுக்கு எதிரே பிடித்தார்கள். அது படம் எடுத்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு அச்சடித்தது.

இடப்பக்கம் லேசான ஒடுக்கு. நடு நெற்றியில் காயம், சிவப்பு. ஆழம் தெரியவில்லை.

வேனுக்குப் பொட்டு வைக்கிற இடத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே, உருண்டையாக ஓட்டை விழுந்தது. ஓரமெல்லாம் சிவப்பு. மாசானம் ஒரு ஸ்பேனரை உள்ளே போட்டுக் காதை வைத்துக் கேட்டான். விழுந்த சத்தம் வரவில்லை.

"ஆழம் தெரியலன்னுதான போட்டிருக்கு? ஸ்பேனர ஏன்லே தொலைக்க?" என்றார் சுடலைமணி.

ஜெபராணி சுற்றி வந்து பார்த்தாள். "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி. என் வண்டிக்குப் பொட்டு எதுக்கு அண்ணாச்சி?"

"பொட்டு இல்ல. காயம்."

"அப்ப ரொம்ப நல்லாருக்கு."

தகரக் குழியை நிரவும் பட்டிப் பசையைப் போட்டு அடைக்கப் பார்த்தார்கள். பட்டறையில் இருந்த பட்டியெல்லாம் உள்ளே போனது. மாசானம் கடைக்குப் போய் வாங்கிவந்தான். அதுவும் போனது. சுடலைமணி பழையபடி வாயால் எஸ்டிமேட் சொல்லிப் பார்த்தார். அச்சடித்ததைப் பார்த்துவிட்ட வண்டி வாய்ச்சொல்லை மதிப்பதில்லை. சாஃப்ட்வேரை அழிக்கலாம் என்றால், பூஜை போட்டதை அழிக்கக் கூடாது. முன்னதுகளுக்குப் பூஜை நடக்கவில்லை, போயின.

சென்னைக்குப் போன் போட்டார்.

"கேமராவத் துடைங்க சார்" என்றான் அந்தப் பையன்.

"அது கேமரா இல்ல. நெத்தி."

"சரி சார், நெத்தியத் துடைங்க."

"பூஜைல வச்ச பொட்ட அழிக்கச் சொல்லுத. உங்க அம்மாட்ட கேட்டுட்டுப் பேசு." வைத்துவிட்டார்.

"நான் துடைக்கட்டா?" என்றாள் ஜெபராணி.

"நீ துடைச்சா ஊரு வேற மாதிரி பேசும். கையக் கட்டிக்கிட்டு இரு."

"அதுவும் சரிதான்." கையைக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒடுக்கோ ஓட்டையோ, தகரத்தை உள்ளேயிருந்துதான் தட்டி எடுக்க வேண்டும். உள்பக்கம் கை போனால்தான் வேலை. இதற்கு உள்பக்கம் எங்கே இருக்கிறது? மாசானம் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். காற்றுதான். எட்வின் அந்த வழியாக வேனை ஓட்டிவந்து, நிறுத்தி, ஓட்டையை எட்டிப் பார்த்தான்.

"கவலப்படாத அக்கா. பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்."

"உன் வண்டியப் பாத்து ஓட்டுலே, போ."

அவன் போனதும் ஜெபராணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேன் சாவியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமணிக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஏதாவது ஏசியிருந்தால் தேவலை. டப்பாவின் அடியில் ஒட்டிக்கிடந்த பட்டியை வழித்து, அதையும் ஓட்டைக்குள் போட்டார்.

"மேல எவம்லே பட்டி கொட்டுதது?"

ஓட்டைக்குள்ளிருந்து பெண் குரல். முதலில் ஸ்பேனர் வந்தது. பிறகு ஒரு கை, தலை. தலையெல்லாம் பட்டி, காய்ந்துபோயிருந்தது. அந்த அம்மாள் ஓட்டையின் ஓரத்தைப் பிடித்து ஏறி வந்து பம்பரில் உட்கார்ந்தாள்.

"கீழ நாங்களும் பட்டறைதான் வச்சிருக்கோம். பெயின்ட் அடிச்சி நிறுத்தின காரு மேல பட்டி. மத்தியானச் சோத்துல பட்டி. அறிவிருக்கா?"

"எஸ்டிமேட் அப்படி" என்று சுடலைமணி காகிதத்தை நீட்டினார்.

வாங்கிப் படித்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"கண்ணுல அழுக்க வச்சிக்கிட்டுப் பாத்தா ஆழம் எப்படித் தெரியும்?"

முந்தானையால் ஒரே துடைப்பு. யாரும் தடுக்கவில்லை. அவள் பூஜைக்கு வந்தவள் இல்லை, அவளுக்கு அது அழுக்குதான். சுடலைமணி யோசித்துப் பார்த்தார். குற்றம் எதுவும் தெரியவில்லை.

மாசானம் லேப்டாப்பை வேனுக்கு நேரே தூக்கினான்.

"இருடே. நான் இறங்கிக்கிடுதேன். இப்பவே காட்டினா ஓட்டை மூடிக்கிடும், நான் இங்க கெடக்கவா?"

இறங்கினாள். ஓட்டைக்குள் அவள் தலை மறைந்த பிறகு காட்டினார்கள். லேப்டாப் இந்தத் தடவை யோசிக்கவில்லை.

இடப்பக்கம் லேசான ஒடுக்கு. நடு நெற்றியில் லேசான ஒடுக்கு. உள்ளிருந்து தட்டி எடுக்கவும்.

ஓட்டை மூடி, சின்னக் குழியாக நின்றது. உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. நல்ல கை. அடி ஒவ்வொன்றும் அளவாக விழுந்தது. சுடலைமணி தலையாட்டினார்.

"இடப்பக்கத்தையும் சேத்துத் தட்டிரட்டா?" என்றது குரல்.

"தட்டு."

சாயங்காலத்துக்குள் மாசானம் பெயின்ட் அடித்துவிட்டான். திங்கட்கிழமை காலையில் ஜெபராணி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகவே வந்தாள். எட்வினின் வேன் முனையில் காலியாக நின்றது. சுடலைமணி கைகாட்டி நிறுத்தினார். வண்டியின் நெற்றியில் புறங்கையால் தடவினார். குழி இல்லை. வேலை பார்த்தவர் யார் என்று வண்டிக்குச் சொல்லி அனுப்புவது அந்தத் தெரு வழக்கம். சொல்லாவிட்டால் தட்டினது நிற்காது. கீழ்ப் பட்டறை அம்மாளின் பேர் அவருக்குத் தெரியாது. விரலை மடக்கித் தகரத்தில் தட்டினார்.

"ஏம்மா, உன் பேரு என்ன?"

பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"பூரணவல்லி" என்றது வேன்.