ஜாஸ்பினுக்குப் பதிலாக

அருமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போனதும், பெண்பிள்ளைகளின் வாலிபால் அணியைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அணியில் இருந்த ஜாஸ்பின் அதன்பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. ரப்பர் ஷீட் கடை வைத்திருந்த யேசுரத்தினத்துக்கு மகளின் பட்டினி தாங்கவில்லை. நானே பழக்குகிறேன் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றார். பந்தைக் கடைசியாகத் தொட்டது கல்யாணத்துக்கு முன்னால். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அந்த அம்மா வாழ்த்தி அனுப்பினார். பழமொழி சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊரார் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். செல்போனில் வீடியோ பார்த்து அவர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். ஜாஸ்பினுக்கு மட்டும் கை வரவில்லை. மைதானத்துக்கு முதலில் வருகிறவளும் அவள்தான், கடைசியில் போகிறவளும் அவள்தான். உழைப்புக்குப் புள்ளி தருகிற விளையாட்டை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் நந்தனா அவளைவிட நன்றாக ஆடுவாள் என்பது யேசுரத்தினத்துக்குத் தெரியும். தெரிந்தும் மகளையே இறக்கினார்.

நாகர்கோவிலில் மாவட்டப் போட்டி. கடைசி செட்டில் ஜாஸ்பின் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. மறுபடி அவள் முறை வந்தபோதும் அப்படியே. எதிரணி அதைக் கண்டுகொண்டு பந்தையெல்லாம் அவள் பக்கமே தள்ளியது. யேசுரத்தினம் டைம் அவுட் கேட்டார். வியர்த்து நின்ற பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவருக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“அப்பா, நந்தனாவ எறக்குங்க,” என்று ஜாஸ்பினே சொன்னாள்.

இறக்கினார். ஜெயித்தார்கள். பிள்ளைகள் ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொண்டு குதித்தார்கள். அவர் அவர்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மகள் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போக வழியில்லாத தவிப்பில் ஜெயித்த சந்தோஷமே அவருக்குத் தெரியவில்லை.

பஸ் மார்த்தாண்டம் தாண்டியதும் ஜாஸ்பின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாநிலப் போட்டிக்கு நாள் கிடக்கிறது, அதற்குள் சர்வீஸைச் சரிபண்ணிவிடலாம் என்று அவர் ஆரம்பித்தார். சொல்கிறவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

“நாளைக்குப் பிராக்டீஸுக்கு நான் வரல்லப்பா.”

அப்படியானால் நானும் போகவில்லை மக்கா, உனக்காகத்தானே இதில் இறங்கினேன் என்றார். முன் சீட்டில் நந்தனா கோப்பையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜாஸ்பின் அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க போணும். அவளுவளுக்கு வேற ஆரு உண்டு?”