பென்சிலில் போட்ட டிக்

மருத்துவக் காப்பீட்டுக் கையேடு நாற்பத்தெட்டுப் பக்கம். அதை எழுதியவன் கையில் கிடைத்தால் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் நிற்கவைத்து, முழுவதையும் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று கணக்கு டீச்சர் மூன்று நாளாகக் கறுவிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் கொடுத்ததை அடுத்த பக்கத்து அடிக்குறிப்பில் பிடுங்கிக்கொள்ளும் கையேடு அது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று திட்டங்கள். ஒன்றில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அதுதான் கதி.

மற்றவர்களுக்கு இது ஒரு கவலையே இல்லை. டீச்சர் எதைப் போடுகிறாளோ அதையே போட்டுவிடலாம் என்று பி.டி. மாஸ்டர் முதல் நாளே ஆசிரியர் அறையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கணக்கு தெரிந்தவள், கூட்டிக் கழித்துப் பார்க்காமலா இருப்பாள் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தேவை, நீங்களே படித்துப் பாருங்கள் என்று அவள் தொண்டை வற்றச் சொன்னாள். தலையாட்டிவிட்டு, கையேட்டை டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

அவளுடைய தேவை ஒன்றே ஒன்று. அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த மையத்துக்குப் போய், நாலு மணி நேரம் படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். மற்ற நாட்களில் அச்சகத்தில் பிழை திருத்துவார். பள்ளியில் இது யாருக்கும் தெரியாது. "பாவம்னு பாக்க ஆரம்பிச்சாங்கன்னா என்னால தாங்க முடியாது" என்று அவர் ஒருமுறை சொன்னதிலிருந்து அவள் மூச்சு விட்டதில்லை.

பழைய காப்பீடு இந்த மாதத்தோடு முடிகிறது. புதியதில் முதல் திட்டம், மருத்துவமனையில் ஓர் இரவாவது தங்கினால்தான் பணம் தரும். அன்றன்றே வீடு திரும்பும் டயாலிசிஸுக்குக் கையை விரித்துவிடும். மூன்றாவதில் அவர்களுடைய மையமே இல்லை. இரண்டாவதில் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

கடைசி நாள் காலையில் இரண்டாம் திட்டத்துக்கு நேரே பென்சிலால் டிக் போட்டாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மதிப்பெண் பட்டியலைக்கூட முதலில் பென்சிலில் எழுதி, சரிபார்த்த பிறகுதான் மையில் எழுதுவாள். காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு மையால் போடலாம் என்று படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

காலை வகுப்புகளை முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் முப்பத்தைந்து நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று சுவரைப் பார்த்துத் திட்டினாள். கடைசியில் ஓர் ஆள் வந்து, இரண்டாம் திட்டத்தில் அந்த மையம் உண்டு என்று உறுதியாகச் சொன்னான். போன உயிர் திரும்பி வந்தது. பேனாவைத் திறந்துகொண்டே ஆசிரியர் அறைக்கு வந்தாள். மேசையில் படிவத்தைக் காணோம்.

அவள் வகுப்பில் இருந்தபோது அது கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. தலைமையாசிரியர் உட்படப் பதினாலு பேரும் அதைப் பார்த்து இரண்டாம் திட்டத்தில் பேனாவால் டிக் போட்டிருக்கிறார்கள். மாவட்டத்திலேயே நம் பள்ளிப் படிவங்கள்தான் முதலில் போய்ச் சேர வேண்டும் என்று தலைமையாசிரியர் அவசரப்படுத்த, எழுத்தர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்.

எழுத்தரை மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட வைத்தாள். பென்சிலில் போட்ட டிக் செல்லாது, அது வெற்றுப் படிவம், வெற்றுப் படிவம் தானாகவே முதல் திட்டத்தில் சேர்ந்துவிடும் என்றார்கள். அவளைப் பார்த்து எழுதியவர்களுக்கெல்லாம் அவளுடைய திட்டம் கிடைத்துவிட்டது, அவளுக்குத்தான் இல்லை. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. திருத்த ஒரே வழிதான் இருந்தது. பள்ளியின் தவறால் படிவம் பூர்த்தியாவதற்குள் அனுப்பப்பட்டுவிட்டது என்று தலைமையாசிரியர் கைப்பட எழுதி, நாலு மணிக்குள் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் மாற்றித் தருவார்களாம். மணி அப்போது இரண்டே கால்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர்தான். ஆனால் தவறு என்ற சொல் அவர் பேனாவிலிருந்து இறங்குவேனா என்றது. முதலில் 'ஆசிரியையின் கவனக்குறைவால்' என்று எழுதினார். அது செல்லாது என்றாள். கிழித்துவிட்டு 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று எழுதினார். அதுவும் செல்லாது என்றாள். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது இதென்ன வம்பு, நாளைக்கு யாராவது விளக்கம் கேட்டால் யார் பதில் சொல்வது என்று இழுத்தார். முதல் திட்டமும் ஒன்றும் மோசமில்லை, ஒரு வருஷம்தானே, கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் பண்றாரு. முதல் திட்டம் வந்துச்சுன்னா அடுத்த மாசமே நிறுத்தணும், எங்க சம்பளத்துல கையிலிருந்து கட்ட முடியாது. நீங்க சொல்ற அந்த ஒரு வருஷம் அவர் தாங்க மாட்டாரு."

வாசலில் நின்ற எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா எங்ககிட்ட ஏம்மா சொல்லலை?"

அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறைதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"எந்தத் திட்டம்னு மூணு நாளா பதினாலு பேரும் கேட்டீங்க சார். ஏன் அந்தத் திட்டம்னு ஒருத்தர்கூடக் கேக்கலை."

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியர் புதுத் தாளை எடுத்து 'என் தவறால்' என்று தொடங்கினார். பள்ளியின் தவறு என்று போட்டால் போதும் சார் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் நிமிராமல் எழுதிக்கொண்டே போனார்.